கரித் தாரில் பிறந்த இனிப்பு

சர்க்கரை என்பது நெடுந்தூரம் பயணம் செய்த சொல். வடமொழியில் 'சர்க்கரா' என்பது முதலில் பருக்கைக் கல்லைக் குறித்தது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் பெற்ற பொருளும் பருக்கை பருக்கையாக இருந்தமையால் அதற்கும் அப்பெயரே அமைந்தது. அச்சொல் தமிழில் சர்க்கரை என்று வழங்கலாயிற்று. மேற்கே சென்று கிரேக்க மொழியில் 'சாக்கரோன்' என்றும், இலத்தீனில் 'சாக்கரும்' என்றும் உருமாறிற்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சிச் சாலையில் புதிதாகக் கண்டறியப்பட்ட ஒரு வெண்பொடிக்குப் பெயரிட நேர்ந்தபோது, அந்த இலத்தீன் சொல்லையே ஒட்டி அதனைச் 'சாக்கரின்' என்று அழைத்தனர். பெயரில் சர்க்கரை உண்டே அன்றிப் பொருளில் இல்லை. கரும்போ, பீட்டுக் கிழங்கோ, தேனோ அதற்குப் பிறப்பிடம் அன்று. நிலக்கரியை மூடிய கலத்தில் சூடேற்றும்போது கசியும் கருமையான தாரே அதன் தாய். சர்க்கரையைக் காட்டிலும் 300 முதல் 500 மடங்கு வரை இனிப்புடைய அப்பொருள், உண்டவன் உடலிற் சேராமல், பெரும்பாலும் உருமாறாமலே சிறுநீரோடு வெளியேறிவிடும்.

இத்தகைய பொருள் ஒன்று மனிதனுக்கு நன்மை செய்யுமா, தீமை செய்யுமா? இக்கேள்வி எழுந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்த வாதத்தில் இரசாயன நிபுணர்களோடு சர்க்கரை ஆலை முதலாளிகளும், கள்ளக் கடத்தல்காரரும், ஓர் அமெரிக்க ஜனாதிபதியும், சில நூறு எலிகளும் பங்கு கொண்டதுண்டு. அந்த வரலாற்றையே இங்கே சொல்லப் புகுகிறேன்.

கான்ஸ்டன்டின் ஃபால்பர்க் என்பவர் ருஷ்ய நாட்டிற் பிறந்து ஜெர்மனியிற் பயின்ற இரசாயன நிபுணர். சர்க்கரையின் தூய்மையைச் சோதிப்பதில் வல்லவர். 1877-ஆம் ஆண்டில் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில், வெளிநாட்டிலிருந்து வந்த சர்க்கரைச் சரக்கை அரசாங்கத்தார் தடுத்து வைத்தனர். இறக்குமதி செய்த வாணிகக் கழகம், அச்சரக்கைச் சோதித்து நீதிமன்றத்திற் சாட்சி சொல்லும்பொருட்டு ஃபால்பர்க்கை அமர்த்திற்று. சோதனை செய்ய ஓர் இடம் வேண்டுமே! பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பேராசிரியராக விளங்கிய ஐரா ரெம்சென் தம் ஆராய்ச்சிச் சாலையை அவருக்குத் திறந்துவிட்டார். சர்க்கரை வேலை முடிந்த பின்பும் ஃபால்பர்க் அங்கேயே தங்கி, ரெம்சென் அந்நாளில் நடத்திவந்த நிலக்கரித் தார்ப் பொருள்களின் ஆராய்ச்சியிற் சேர்ந்துகொண்டார்.

ஒருநாள் மாலை வேலையில் மூழ்கி, உணவு வேளை கடந்தபின் கைகழுவவும் மறந்து உண்ண அமர்ந்ததாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். வாயிலிட்ட ரொட்டி இனித்தது. பலகாரம் போலும் என்று எண்ணினார். வாயைத் துடைத்த துணி ரொட்டியினும் மிகுதியாக இனித்தது. தண்ணீர்க் குவளையைத் தூக்கினால், அவர் விரல் பட்ட விளிம்பும் இனித்தது. பெருவிரலை நாவில் வைத்துப் பார்த்தவர் உணவை அப்படியே விட்டுவிட்டு ஆராய்ச்சிச் சாலைக்கு ஓடி, மேசைமீதிருந்த கலங்களில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பார்த்தாராம். அவற்றுள் ஒன்றில் அந்த இனிப்பு இருந்தது. இதே கதை ரெம்சென் பெயரிலும் வழங்குகிறது. கலங்களில் இருப்பதை நாவில் வைத்துச் சோதிக்கும் இவ்வழக்கம் மாணவர்கள் பின்பற்றத் தக்கதன்று. அவற்றுள் ஒன்றில் கொடிய நஞ்சு இருந்திருக்குமானால் நமக்குக் கதையே கிடைத்திராது. எனினும், செயற்கை இனிப்புகளின் வரலாற்றில் இக்குற்றம் மீண்டும் மீண்டும் நிகழ்ந்திருக்கிறது. 1937-இல் மைக்கேல் ஸ்வேடா என்பவர் ஆராய்ச்சி மேசையில் வைத்த சிகரெட்டை எடுத்துப் புகைத்தபோது அது இனித்ததனால் சைக்ளமேட் என்னும் பொருள் வெளிப்பட்டது. 1965-இல் ஜேம்ஸ் ஷ்லாட்டர் என்பவர் ஒரு தாளை எடுக்க விரலை நாவில் ஈரப்படுத்தியபோது அஸ்பார்டேம் வெளிப்பட்டது.

1879-இல் ரெம்சென், ஃபால்பர்க் இருவரும் சேர்ந்து தம் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தனர். ரெம்சென் தூய விஞ்ஞானத்தில் ஈடுபட்டவர். ஆராய்ச்சியை வாணிகமாக்குவதில் அவருக்கு நாட்டமில்லை. ஃபால்பர்க்கின் மனம் வேறு விதமானது. பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கிய பின்னர், சில ஆண்டுகளில் சாக்கரின் செய்யும் முறைக்குத் தம் பெயரிலேயே பேடண்ட் உரிமை பெற்றுக்கொண்டார். அதன் தீங்கின்மையை நிலைநாட்டத் தாமே 10 கிராம் அளவு உட்கொண்டு ஒருநாள் முழுதும் காத்திருந்து, யாதொரு கேடும் நேரவில்லை என்று அறிவித்தார். ஒரு மனிதர், ஒரு நாள், ஒரு தடவை: பிற்காலத்து நிபுணர்கள் இதனைச் சோதனை என்று ஏற்கமாட்டார்கள். பின்னர் ஜெர்மனியில் மாக்டபர்க் நகருக்கு அருகே உறவினர் ஒருவருடன் கூடித் தொழிற்சாலை நிறுவிப் பொருள் ஈட்டினார். ரெம்சென் பணத்துக்காக வருந்தவில்லை; ஆயினும், தம் சாலையில் தம் வழிகாட்டலில் நிகழ்ந்த ஆராய்ச்சியின் பெருமையை மற்றொருவர் தனித்துக் கொண்டதை அவர் கடைசிவரையில் மன்னிக்கவே இல்லை. ஃபால்பர்க்கின் பெயரோடு தம் பெயரைச் சேர்த்துச் சொல்வதைக் கேட்கவும் அவருக்கு அருவருப்பாக இருந்தது என்பர். இப்பகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னே அது வேறொரு வேடத்தில் வரப்போகிறது.

மாக்டபர்க் பிரதேசம் பீட்டுக் கிழங்குச் சர்க்கரைக்குப் பெயர் பெற்றது. அதன் நடுவிலேயே சாக்கரின் ஆலை எழுந்ததும் சர்க்கரை முதலாளிகள் விழித்துக்கொண்டனர். ஒரு சிட்டிகைப் பொடி ஒரு கூடைச் சர்க்கரையின் வேலையைச் செய்யுமானால் கிழங்கு பயிரிடும் உழவர் கதி என்ன? சர்க்கரை மீது விதித்த வரியால் வரும் அரசாங்க வருமானம் என்ன ஆகும்? 1898-இல் சில கட்டுப்பாடுகளும், 1902-இல் கடுஞ்சட்டமும் ஜெர்மனியில் பிறந்தன. அதன்பின் சாக்கரின் மருந்துக் கடைகளில் மட்டுமே, பெரும்பாலும் நீரிழிவு நோயாளருக்காக விற்கப்படலாயிற்று. அண்டை நாடாகிய ஸ்விட்ஸர்லாந்திலோ இத்தடை இல்லை. எனவே அங்கிருந்து ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் இப்பொடியைக் கள்ளத்தனமாகக் கடத்துவது ஒரு பெருந்தொழிலாக வளர்ந்தது. உடல்நலத்தின் பெயரால் பேசியவர்கள் அந்நாளிலும் உண்டு என்றாலும், சட்டத்தை இயற்றிய கை சர்க்கரை ஆலையின் கையே என்பதில் ஐயமில்லை. சர்க்கரை வாங்க இயலாத ஏழைக்குச் சாக்கரின் மலிவான இனிப்பாக இருந்தது. அந்த ஏழையை எவரும் கலந்து ஆலோசிக்கவில்லை.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே விவசாய இலாகாவின் இரசாயனப் பகுதிக்குத் தலைவராக 1883 முதல் விளங்கியவர் ஹார்வி வைலி என்பவர். அக்காலத்தில் அமெரிக்கச் சந்தையில் உணவுக் கலப்படம் தாண்டவமாடிற்று. இறைச்சியிலும் பாலிலும் பழப்பாகிலும் என்னென்ன சேர்க்கப்பட்டன என்று அறிய மக்களுக்கு வழியில்லை. வைலி 1902-இல் 12 இளைஞர்களைத் திரட்டி, கெடாமற் காக்கும் சரக்குகளை அளவோடு அவர்கள் உணவிற் கலந்து கொடுத்து, உடலில் நேரும் மாறுதல்களைக் குறித்துவந்தார். பத்திரிகைகள் அக்குழுவுக்கு 'நஞ்சுப் படை' என்று பெயர் சூட்டின. அச்சோதனைகள் இன்றைய அளவுகோலுக்குக் குறைபாடுடையனவே. எனினும் மக்கள் கண்களைத் திறந்தவை அவைதாம். வைலியின் இடைவிடாத உழைப்பின் பயனாக 1906-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதியன்று தூய உணவு மருந்துச் சட்டத்தில் ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார்.

சட்டம் பிறந்துவிட்டது, நடைமுறையிற் கொணர்வதில் இடர்ப்பாடுகள் தொடங்கின. 1908-ஆம் ஆண்டில் உணவு உற்பத்தியாளர் சிலர் வெள்ளை மாளிகைக்குச் சென்று, வைலியின் கெடுபிடியால் தம் தொழில் நசிப்பதாக முறையிட்டனர். வைலியும் அங்கே அழைக்கப்பட்டிருந்தார். தக்காளிக் குழம்பிற் சேர்க்கும் ஒரு சரக்கைப் பற்றிய பேச்சில் ஜனாதிபதி வைலியின் பக்கமே சாய்ந்திருந்தாராம். அச்சமயம் ஜேம்ஸ் ஷெர்மன் என்பவர் எழுந்தார். அவர் காங்கிரஸ் என்னும் அந்நாட்டுச் சட்டசபையின் உறுப்பினர். டின்களில் அடைத்த மக்காச்சோளம் விற்கும் கழகத்தின் பங்காளி. மறு ஆண்டில் அந்நாட்டின் உபஜனாதிபதி ஆனவர். சோளத்திற்குச் சர்க்கரைக்குப் பதிலாகச் சாக்கரின் சேர்த்தமையால் தம் கழகத்திற்கு ஓராண்டில் 4,000 டாலர் மிச்சமாயிற்று என்றும், அதனையும் இப்போது தடுக்கிறார்கள் என்றும் அவர் கூறினார்.

ஜனாதிபதி கேட்பதற்கு முன்பே வைலி குறுக்கிட்டுவிட்டார். அந்தச் சோளத்தை உண்டவர் அனைவரும் ஏமாற்றப்பட்டனர்; சர்க்கரையை உண்பதாக நினைத்து, ஊட்டமேயில்லாத, உடலுக்குப் பெருங்கேடு விளைக்கும் நிலக்கரித் தார்ப் பொருளை உண்டனர் என்றார். ரூஸ்வெல்ட் சட்டென்று திரும்பினார். சாக்கரின் கேடுடையது என்றா சொல்கிறீர் என்று வினவினார்; தம் வைத்தியராகிய ரிக்ஸி அதனைத் தமக்கு நாள்தோறும் கொடுத்துவருவதாகவும், அதனைக் கேடு என்பவன் மூடனே என்றும் சினந்து உரைத்தார். கூட்டம் அத்துடன் கலைந்தது. இக்காட்சியை வைலியே பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இவ்விடத்திற் சற்று நின்று ஆராய்வது நலம். வைலி கூறியவை இரண்டு கூற்றுக்கள். ஒன்று, இது வஞ்சகம் என்பது. மற்றொன்று, இது நஞ்சு என்பது. முதற் கூற்றுக்கு அசைக்கமுடியாத ஆதாரம் இருந்தது. டின்னின்மேல் சாக்கரின் என்று எழுதாமல் சர்க்கரைச் சுவையைக் காட்டி விற்றது ஏமாற்றே; 4,000 டாலர் மிச்சமாயிற்று என்று விற்றவரே பெருமையடித்துக்கொண்டார் அன்றோ? இரண்டாம் கூற்றுக்கோ வைலியிடம் அன்று போதிய சான்று இல்லை. தார் என்ற சொல்லே அவருக்குச் சான்றாகத் தோன்றிற்று போலும். முதற் கூற்றோடு அவர் நின்றிருந்தால் ரூஸ்வெல்ட்டுக்கு மறுமொழி சொல்ல இடமிருந்திராது என்பது என் கருத்து. ரூஸ்வெல்ட்டின் வாதமும் விஞ்ஞானம் அன்று. ஒருவர் தினந்தோறும் உண்டு நலமாக இருக்கிறார் என்பதனால் ஒரு பொருள் தீங்கற்றது என்று ஆகிவிடாது. அவர் ஜனாதிபதியாகவே இருந்தாலும் ஆகாது.

இதன் பின்னர், வைலியின் முடிவுகளை மறுபரிசீலனை செய்ய விஞ்ஞானிகளின் நடுவர் குழு ஒன்றை ரூஸ்வெல்ட் நியமித்தார். குழுவின் தலைவர் யார் தெரியுமா? சாக்கரின் பிறந்த ஆராய்ச்சிச் சாலைக்கு உரியவரும், அப்போது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைவராக உயர்ந்திருந்தவருமான அதே ஐரா ரெம்சென்! குழந்தைக்குத் தந்தையையே நீதிபதியாக வைத்தாற்போல் இருந்தது என்று நகைத்தவர் உண்டு. ஆனால் அப்பொருளால் ரெம்செனுக்கு ஒரு காசும் வந்ததில்லை. அதன் வாணிகத்தின் மீது அவருக்கு வெறுப்பே இருந்தது. குழுவின் முடிவும் ஒருபக்கம் சாயவில்லை. நாள் ஒன்றுக்கு 0.3 கிராம் வரையில் உட்கொள்வதால் கேடில்லை. 1 கிராமுக்கு மேல் நெடுநாள் உட்கொண்டால் செரிமானம் குலையலாம். சர்க்கரைக்குப் பதிலாக இதனைச் சேர்ப்பது உணவின் ஊட்டத்தைக் குறைத்து அதன் தரத்தைத் தாழ்த்தும் என்று அது கூறிற்று. அந்தக் கடைசி வாசகத்தைப் பற்றிக்கொண்டே அரசாங்கம் 1911-இல் பொது உணவுப் பண்டங்களிற் சாக்கரின் சேர்ப்பதைக் கலப்படம் என்று தீர்மானித்தது. மறு ஆண்டில் தடை நடைமுறைக்கு வந்தது. நஞ்சு என்ற வாதம் தோற்று, வஞ்சகம் என்ற வாதமே வென்றது. அந்த 1912-ஆம் ஆண்டிலேயே, மேலிடத்தாரோடு நேர்ந்த பல பூசல்களால் மனம் நொந்து வைலி பதவி துறந்தார்.

பின்னர் மூண்ட முதல் உலக யுத்தம் சட்டங்களைக் காட்டிலும் வலிமை வாய்ந்த வாதத்தை எடுத்துவைத்தது. சர்க்கரை கிடைக்கவில்லை, பங்கீட்டுச் சீட்டுக் கொடுத்தும் போதவில்லை. ஐரோப்பாவில் சாக்கரின் மாத்திரை வீடுதோறும் புகுந்தது. இரண்டாம் யுத்தத்திலும் அவ்வாறே. யுத்தம் முடிந்த பிறகு, செல்வம் பெருகிய அமெரிக்காவில் நிலைமை தலைகீழாக மாறிற்று. ஊட்டமில்லை என்பது முன்பு குற்றச்சாட்டாக இருந்தது. உடற்பருமனை அஞ்சிய மக்களுக்கு அதுவே இப்போது விளம்பரமாயிற்று! 1950-களிலிருந்து சைக்ளமேட்டையும் சாக்கரினையும் கலந்த பானங்களும் பொட்டலங்களும் நாடெங்கும் பரவின.

1958-இல் அமெரிக்கக் காங்கிரஸ் உணவுச் சட்டத்தைத் திருத்தியபோது, ஜேம்ஸ் டெலனி என்னும் உறுப்பினரின் முயற்சியால் ஒரு விதி அதிற் சேர்ந்தது. மனிதனுக்கோ விலங்குக்கோ புற்றுநோய் விளைவிப்பதாகக் கண்ட எந்தப் பொருளையும் உணவிற் சேர்க்க அனுமதிக்கலாகாது என்பதே அவ்விதி. எவ்வளவு என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. 1969-இல் சைக்ளமேட், சாக்கரின் கலவையை மிகுதியாகத் தின்ற 240 எலிகளுள் 8 எலிகளின் சிறுநீர்ப்பையிற் கட்டிகள் காணப்பட்டன. அக்டோபர் மாதத்திலேயே சைக்ளமேட்டுக்குத் தடை வந்தது. அமெரிக்காவில் அத்தடை இன்றும் நீங்கவில்லை. ஐரோப்பிய நாடுகளிலோ அதே பொருள் அளவோடு அனுமதிக்கப்படுகிறது. ஒரே பொருள் ஒரு கரையில் விலக்காகவும் மறுகரையில் உணவாகவும் இருப்பது விந்தையே.

சாக்கரினின் முறை 1977-இல் வந்தது. கனடாவில் நிகழ்ந்த சோதனையில், உணவில் 100-க்கு 5 பங்கு சாக்கரின் கலந்து எலிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தனர். ஆண் எலிகளின் சிறுநீர்ப்பையிற் புற்றுக் கட்டிகள் தோன்றின. டெலனி விதிப்படி வேறு வழியில்லை. மார்ச் மாதம் 9-ஆம் தேதி, சாக்கரினைத் தடை செய்யப்போவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. மனிதன் அந்த அளவைப் பெற நாள்தோறும் ஏறக்குறைய 800 புட்டிப் பானம் குடிக்கவேண்டும் என்றும் கணக்குச் சொல்லப்பட்டது. நாடே நகைத்தது. 800 புட்டி குடிப்பவன் புற்றுநோய் வருமுன்பே வயிறு வெடித்து மடிவான் அன்றோ என்று கேலி செய்தனர்.

ஆனால் அந்தச் சோதனை அவ்வளவு மூடத்தனமானதா? கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு பொருள் 10,000 பேருக்கு ஒருவர் வீதம் புற்றுநோய் உண்டாக்குமானால், 22 கோடி மக்கள் வாழ்ந்த அன்றைய அமெரிக்காவில் அது 22,000 பேரைத் தாக்கும். அச்சிறு வீதத்தை எலிகளிடம் இயல்பான அளவிலேயே கண்டுபிடிக்க வேண்டுமென்றால், பல்லாயிரம் எலிகளை ஆயுள் முழுதும் வளர்க்க வேண்டும். எந்த ஆராய்ச்சிச் சாலைக்கும் அது இயலாது. ஆகவே, சில நூறு எலிகளுக்கு மிகப் பெரிய அளவைக் கொடுத்து, வரும் விளைவிலிருந்து சிறிய அளவின் விளைவை அனுமானிக்கிறார்கள். நகைத்தவர்கள் இதனை எண்ணிப் பார்க்கவில்லை. எனினும் இவ்வனுமானத்தில் மறைந்துள்ள ஒரு நம்பிக்கை உண்டு: எலியின் உடலில் நேர்வது மனிதன் உடலிலும் நேரும் என்பது. அந்த நம்பிக்கையே பின்னர்ச் சோதனைக்கு உள்ளாயிற்று.

நீரிழிவு நோயாளர் நகைக்கவில்லை, அவர்கள் அஞ்சினர். சைக்ளமேட் ஏற்கெனவே போய்விட்டது. வேறு செயற்கை இனிப்பு எதுவும் அன்றைய அமெரிக்கச் சந்தையில் இல்லை. சாக்கரினும் போய்விட்டால் தேநீர் இனிப்பதே அவர்களுக்குக் கனவாகிவிடும். நோயுற்ற குழந்தைகளின் பெற்றோரும், நோயாளர் சங்கங்களும், பானக் கம்பெனிகளும் ஒரே குரலில் எதிர்த்தனர். இலட்சக்கணக்கான கடிதங்கள் சட்டசபை உறுப்பினர்களிடம் குவிந்தன. உண்மையான துன்பத்திலிருந்து பிறந்த கடிதம் எது, ஆதாயத்திலிருந்து பிறந்த கடிதம் எது என்று பிரித்தறிவது எளிதன்று. நவம்பர் மாதத்தில் காங்கிரஸ் ஒரு நடுவழியைக் கண்டது. தடை ஒத்திவைக்கப்பட்டது, ஆனால் சாக்கரின் கலந்த ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும், சோதனைக்கூட விலங்குகளில் இது புற்றுநோய் விளைவித்தது என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும். ஒத்திவைப்பு முதலில் 18 மாதங்களுக்கே. பின்னர் அது மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது.

கிடைத்த அவகாசத்தில் ஆராய்ச்சி நடந்தது. 1980-இல் வெளியான ஓர் ஆய்வில், சிறுநீர்ப்பைப் புற்றுநோயுற்ற 3,000-க்கு மேற்பட்டவர்களையும், அந்நோயில்லாத ஏறத்தாழ 5,800 பேரையும் வினவி ஒப்பிட்டனர். இனிப்புப் பொடி உண்டவர்களிடையே பொதுவாக நோய் மிகுந்திருக்கவில்லை. டென்மார்க்கில் வேறொரு வழியைக் கையாண்டனர். யுத்த காலத்தில் சர்க்கரை இன்றிச் சாக்கரினை மிகுதியாக உண்ட தாய்மார் வயிற்றிற் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இந்நோய் மிகுந்ததா என்று பதிவேடுகளிலே தேடினர். மிகுந்ததற்குச் சான்று இல்லை. யுத்தம் அறியாமலே நடத்திவைத்த பரிசோதனை அது!

எலிகளின் கதையும் மெல்ல விளங்கலாயிற்று. எலியின் சிறுநீர் செறிவு மிக்கது. அதிற் புரதமும் கால்சியம் பாஸ்பேட்டும் மிகுதி. பெருமளவு சோடியம் சாக்கரின் புகும்போது அச்சிறுநீரில் நுண்ணிய படிவுகள் உண்டாகின்றன. அவை சிறுநீர்ப்பையின் உட்சுவரை ஓயாமல் உறுத்துகின்றன. புண்பட்ட சுவர் மீண்டும் மீண்டும் புதிய உயிரணுக்களைப் பெருக்குகிறது. அப்பெருக்கத்தினிடையே கட்டி பிறக்கிறது. வைட்டமின் 'சி'யின் சோடிய உப்பை அதே போன்ற பேரளவிற் கொடுத்தாலும் அவ்வகை எலிகளில் இத்தகைய விளைவைக் காணலாம். மனிதனின் சிறுநீர் அவ்வியல்புடையதன்று. ஆகவே 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் நச்சியல் திட்டத்தார் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலிலிருந்து சாக்கரினை நீக்கினர். அவ்வாண்டு டிசம்பரில் எச்சரிக்கை அச்சிடும் கட்டாயமும் நீங்கிற்று. 23 ஆண்டுகள் அந்த வாசகம் பொட்டலங்களின் மேல் இருந்தது. அத்தனை ஆண்டுகளும் அதைப் படித்துக்கொண்டே மக்கள் தேநீரிற் கலந்து குடித்துவந்தனர்.

இதற்குள் வாதம் அஸ்பார்டேமுக்கு மாறிவிட்டது. 1974-இல் கிடைத்த அனுமதி, மூளை பற்றிய ஐயங்களாலும், கம்பெனி சமர்ப்பித்த சோதனைக் குறிப்புகளின் நம்பகத்தைப் பற்றிய கேள்விகளாலும் மறு ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டது. 1980-இல் விசாரணைக் குழு, மேலும் ஆராயும் வரையில் அனுமதி கூடாது என்றது. 1981-இல் புதிதாகப் பதவியேற்ற நிர்வாகத் தலைவர் அதனை மீறி அனுமதித்தார். அன்று தொட்ட சந்தேகம் இன்றும் தீரவில்லை. இத்தாலியின் பொலோனா நகரத்து ஆராய்ச்சியாளர் எலிகளிற் புற்றைக் கண்டோம் என்றனர். அமெரிக்காவில் 4,70,000-க்கு மேற்பட்டவரை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவில் அத்தொடர்பு இல்லை. பிரான்சில் 1 இலட்சத்துக்கு மேற்பட்டவரைத் தொடர்ந்து கவனித்து 2022-இல் வெளியிட்ட முடிவில் ஒரு சிறு மிகுதி காணப்பட்டது.

2023-ஆம் ஆண்டு ஜூலையில் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த இரு குழுக்கள் ஒரே நாளில் தம் முடிவுகளை வெளியிட்டன. புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், அஸ்பார்டேம் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற வகையிற் சேர்த்தது. கிழக்காசிய முறையிற் போடும் காய்கறி ஊறுகாயும் அதே வகையில்தான் இருக்கிறது. மற்றொரு குழுவோ, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் 40 மில்லிகிராம் வரை உட்கொள்ளலாம் என்ற பழைய எல்லையை மாற்றக் காரணமில்லை என்றது. 70 கிலோ எடையுள்ளவர் அவ்வெல்லையைக் கடக்க நாளொன்றுக்கு 9 முதல் 14 டின் வரை பானம் குடிக்கவேண்டும். பத்திரிகை வாசகர் பலர் இவ்விரண்டும் முரண் என்று எண்ணினர். முரண் அன்று. தீங்கு செய்யும் இயல்பு ஒரு பொருளுக்கு இருக்கக்கூடுமா என்பது முதற் குழுவின் கேள்வி. எந்த அளவில் அத்தீங்கு நேரும் என்பது இரண்டாவதன் கேள்வி. டெலனி விதி முதற் கேள்வியை மட்டுமே கேட்டது. 800 புட்டி என்று நகைத்தவர்கள் இரண்டாவதை மட்டுமே கேட்டார்கள்.

அதே ஆண்டு மே மாதத்தில் வந்த மற்றோர் அறிவுரை நம் மாணவர்க்குப் புதுமையாகத் தோன்றலாம். உடல் எடையைக் குறைக்கும் நோக்கத்தோடு இவ்வினிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறிற்று. நெடுங்காலத்தில் அவை எடையைக் குறைப்பதாகச் சான்றில்லை என்பதே காரணம். நெடுநாள் உண்பவரிடையே நீரிழிவும் இருதய நோயும் சற்று மிகுந்து காணப்படுவதையும் அது குறிப்பிட்டது. ஆனால் இனிப்பு நோயைக் கொணர்ந்ததா, நோயை நோக்கிச் சென்றுகொண்டிருந்த பருத்த உடலினர் இனிப்பை நாடினரா என்பது எளிதிற் பிரித்தறியக்கூடியதன்று; ஆகவே தன் அறிவுரையை உறுதியானதாகச் சொல்லாமல் நிபந்தனையுடையதாகவே அது வெளியிட்டது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அவ்வறிவுரை பொருந்தாது என்றும் தெளிவாகச் சொல்லிற்று.

அஸ்பார்டேம் கலந்த பொட்டலத்தை நம் ஊர்க் கடையில் வாங்கினாலும், ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் நோயுடையோருக்கு உகந்ததன்று என்ற ஒரு சிறு வரியை அதன்மேற் காணலாம். பிறவியிலேயே ஃபீனைலலனின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைக்க இயலாத சிலருக்கு உரிய எச்சரிக்கை அது. அஸ்பார்டேமின் இரு பகுதிகளுள் ஒன்று அந்த அமிலமே. அக்குறையோடு பிறந்த குழந்தைக்கு அந்த அமிலம் மூளையிற் கேடு விளைக்கும். பல நாடுகளில், பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து எடுக்கும் ஒரு துளி இரத்தத்தால் அதனைக் கண்டறிகின்றனர்.